முள் ஊசியும் கத்திரிக்காய்க் காம்பும்

நம் குடியிருப்பில் பலர் மாலை நடையில் செங்கம் சாலைப் பக்கம் போகிறீர்கள். ரமணாசிரமத்தில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டும் வருகிறீர்கள். அங்கே வாழ்ந்தவர் பெரிய ஞானி என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பொருளை வீணாக்கினால் எவ்வளவு கறாராக இருப்பார் என்பது அவ்வளவாகத் தெரியாது. வீட்டுக் குப்பையைக் குறைப்பது பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார்.

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1896 செப்டம்பர் 1 அன்று, 16 வயதில், நம் ஊருக்கு வந்து சேர்ந்தார். கோயிலுக்குப் போய்விட்டு வந்து தலையை மழித்துக்கொண்டார். வேட்டியில் கோவணத்துக்கு ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு மீதியையும், கையிலிருந்த காசையும், யாரோ கொடுத்த பலகாரப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் வீசினார். (இன்று நாம் யாரும் குளத்தில் எதையும் வீச வேண்டாம்!) அன்று எல்லாவற்றையும் வீசியவர், பிறகு இந்த ஊரைவிட்டு எங்கும் போகாமல் வாழ்ந்த 53 ஆண்டுகளில், ஒரு சிறு காகிதத்தைக்கூட வீண் போக விடவில்லை.

விரூபாட்ச குகையிலும், 1916க்குப் பிறகு கந்தாசிரமத்திலும் மலைமேல் இருந்த காலத்தில் அவரிடம் இருந்த துண்டு ஓட்டை மயம். அன்பர்கள் பார்த்தால் புதிது கொண்டுவந்து விடுவார்கள் என்று அதை விரிக்காமல் சுருட்டியே வைத்திருப்பாராம். கோவணம் கிழிந்தால் புதர் மறைவுக்குப் போய், முள்ளில் ஓட்டை போட்டு ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே ஒரு நூலை உருவித் தைத்துக்கொள்வார். கேட்டிருந்தால் ஆளுக்கொன்று கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை.

1922இல் தாயார் அழகம்மாள் மறைந்தார். அவரது சமாதியை ஒட்டி மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்தது. பணமும் பொருளும் வந்தன. ஆனாலும் அவர் பழக்கம் மாறவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து சமையலறையில் காய் நறுக்குவார். தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கி எடுப்பார். தபால் உறைகளிலும் அச்சுப்படிகளிலும் எழுதாத பகுதியை வெட்டி எடுத்துச் சின்ன நோட்டாகத் தைத்து வைப்பார். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமாக்குவார். சாப்பிடும் இலையையும் அவரே தைத்திருக்கிறார்.

ஒருநாள் கத்திரிக்காய்க் காம்புகள் குவியலாகக் கிடந்தன. அவர் அவற்றையே கறி செய்யச் சொன்னார். எவ்வளவு நேரமானாலும் வேகவில்லை. சமையல் செய்த பெண்களுக்குப் பெரிய சங்கடம். அவரே வந்து கரண்டியால் கிளறிவிட்டுப் போனார். கடைசியில் பந்தியில் எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள் என்று அந்தச் சமையல்காரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்தது, காம்பு வேக மறுத்ததுதான். மிச்சத்தைப் பயன்படுத்துவது சுலபம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, பாருங்கள். அதற்கு நேரம் வேண்டும், கை வேண்டும்.

இதைக் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். அணிலுக்கு முந்திரி எடுத்து ஊட்டுவார். மயிலுக்கும் குரங்குக்கும் தீனி உண்டு. லட்சுமி என்ற பசு 1948இல் இறந்தபோது, ஆசிரமத்திலேயே சமாதி எழுப்பினார்கள்; இன்றும் போனால் பார்க்கலாம். மாமரத்தைக் கழியால் அடித்துப் பழம் உதிர்த்தவர்களைப் பார்த்து, பழம் கொடுத்த மரத்துக்கு இதுவா கைம்மாறு என்று கடிந்துகொண்டார். மலையில் நடக்கும்போது தவறுதலாகக் குளவிக் கூட்டில் கால் பட்டுவிட, அவை கொட்டி முடிக்கும்வரை காலை எடுக்காமல் நின்றார். அவற்றின் வீட்டைக் கலைத்தது தன் கால் என்பது அவர் கணக்கு. அவர் காலத்தில் சுற்றுச்சூழல் என்ற பேச்சே இல்லை. மரமும் குளவியும் இந்த மலையில் தன்னோடு குடியிருப்பவை என்றே எண்ணி வாழ்ந்தார்.

1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். கோவணம், துண்டு, கைத்தடி, கமண்டலம் என்று அவருடைய உடைமைகள் ஒரு கைக்குள் அடங்கிவிடும்.

நம் வீட்டில் எண்ணெய்க் கத்திரிக்காய்க்குக் காம்போடுதானே போடுகிறோம்? சாம்பாருக்கு நறுக்கும்போதும் பிஞ்சுக் காம்பை மேல்தோல் சீவிக் கீறிப் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் முன்னதாகவே அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.