ஐந்து வாட்டும் ஆச்சார்ய போஸும்



இந்த மலருக்கு ஒரு மேதையின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். எனக்கு உடனே மனசில் வந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். செடி கொடிகளுக்கும் உணர்ச்சி உண்டென்று காட்டியவர் என்றுதான் நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் அதற்கு முன்பே அவர் ரேடியோக்காரர்!

காரணம் சொல்லிவிடுகிறேன். குளத்தூரில் எங்க வீட்டு மொட்டை மாடியிலிருந்து வேப்பமரம் வரை ஒரு கம்பி கட்டியிருக்கிறேன். பரீட்சை எழுதி உரிமம் வாங்கிய ஹாம் ரேடியோ பைத்தியம் நான். என் பெட்டியின் சக்தி வெறும் 5 வாட். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு அளவுதான். ஒருநாள் சாயங்காலம் மோர்ஸ் தட்டி ஜப்பான்காரர் ஒருவரைப் பிடித்தேன். அப்பா நம்பவே இல்லை. கணக்கு இதுதான்: 100 வாட்டை 5 ஆகக் குறைத்தால் சக்தி 20 மடங்கு குறையும், எதிர்முனை மீட்டரில் ஏறத்தாழ இரண்டு புள்ளிதான் இறங்கும். மிச்சத்தை வானமும், கேட்பவரின் காதும் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் 'காது' விஷயத்தில் முன்னோடிகளில் ஒருவர் போஸ்.

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். தகப்பனார் அரசு அதிகாரி. இருந்தும் மகனை முதலில் வங்காளப் பள்ளியில்தான் சேர்த்தார். பிறகு கல்கத்தா, கேம்பிரிட்ஜ் என்று படித்துவிட்டு 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு ஒரு சம்பளம். போஸ் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. சம்பளத்தை மட்டும் மூன்று வருஷம் கையால் தொடவில்லை. வீட்டிலோ அப்பாவின் கடன் கழுத்தை நெரித்தது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

நிற்க. என் முதல் வேலையில், சின்ன காலேஜில் படித்தவன் என்பதால் அதே வேலைக்கு எனக்குக் குறைந்த சம்பளம். போஸின் துணிச்சல் எனக்கில்லை. வாயை மூடிக்கொண்டு வாங்கினேன். அது இன்னமும் உறுத்துகிறது.

நல்ல ஆய்வுக்கூடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு சின்ன அறை, உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவர், இவ்வளவுதான் வசதி. அதை வைத்தே 5 மில்லிமீட்டர் வரையிலான குட்டி அலைகளை உண்டாக்கினார். 1895-ல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில், அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தை வெடிக்க வைத்தார். கம்பி ஏதும் கிடையாது!

அலையை உண்டாக்குவதைவிட அதை உணர்வதுதான் கஷ்டம். அன்றைக்கு இருந்த உலோகத்தூள் குழாயை, ஒவ்வொரு தடவையும் தட்டிவிட்டால்தான் மறுபடி வேலை செய்யும். போஸ் இரும்பையும் பாதரசத்தையும் வைத்து, தட்டத் தேவையில்லாத உணர்கருவி செய்து 1899-ல் வெளியிட்டார். 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் தாண்டி வந்த சிக்னலைக் கேட்கப் பயன்படுத்திய கருவிக்கு இதுதான் மூலம் என்று 1998-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வாதிட்டது. கலீனா என்ற ஈயக் கனிமத்தை வைத்து அவர் செய்த உணர்கருவிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதுகூட நண்பர்களின் வற்புறுத்தலால்தான். அதை வைத்துக் காசு பார்க்க அவர் நினைக்கவேயில்லை.

1917-ல் சொந்த ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-ல் கிரிதியில் காலமானார்.

நம்ம காலேஜ் லேபில் ஒரே ஆசிலோஸ்கோப்புக்கு எட்டுப் பேர் வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? வசதியில்லை என்று நான் நிறைய புலம்பியிருக்கிறேன். இப்போது புலம்ப வாய் வந்தால் அந்தத் தகரக் கொல்லர் ஞாபகத்துக்கு வருகிறார்.

புதுக்கோட்டைப் பக்கம் வந்தால் அவசியம் குளத்தூருக்கு வாருங்கள். மாடியில் உட்கார்ந்து கேட்போம். காபி என் பொறுப்பு.