கட்டபொம்மனும் வரலாற்று உண்மையும்

வீரபாண்டியக் கட்டபொம்மன் பெயரை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். ஆயினும், அவர் எத்தகையவர் என்று வினவினால் எல்லாரும் ஒரே விடை கூறுவதில்லை. கும்பினியாரின் ஏடுகள் அவரைக் கலகக்காரர் என்று குறித்தன. நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் அவரை நிகரற்ற வீரராகப் போற்றின. கொள்ளையடித்தவர் என்று பிற்காலத்தில் எழுதினோரும் உளர். ஒருவரைப் பற்றி இத்துணை வேறுபட்ட எண்ணங்கள் எழுந்தது எங்ஙனம்? அவர் வாழ்வில் இராமநாதபுரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதனை விளக்கும்.

கட்டபொம்மன் 1760ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் பிறந்தார். 1790இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1792இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால், பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமை கும்பினியாரைச் சேர்ந்தது. 1798இல் பாஞ்சாலங்குறிச்சி செலுத்தவேண்டிய நிலுவை 3,310 வராகனாக உயர்ந்தது.

அக்காலத்துக் கலெக்டராகிய ஜாக்சன் துரை, இராமநாதபுரத்தில் வந்து தம்மைக் காணுமாறு கட்டபொம்மனுக்கு ஆணை விடுத்தார். கட்டபொம்மன் புறப்பட்டார். ஜாக்சனோ ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். குற்றாலத்திலும் திருவில்லிபுத்தூரிலும் முயன்றும் அவரைக் காண இயலவில்லை. 23 நாள்கள், 400 மைல் தொலைவு கட்டபொம்மன் பின்தொடர்ந்தார் என்பர். இறுதியாகச் செப்டம்பர்த் திங்களில் இராமநாதபுரத்தில் சந்திப்பு நிகழ்ந்தது. சேதுபதி மன்னரை 1795இல் நீக்கிச் சிறையிட்ட கும்பினியாரின் வசத்தில் அப்போது அக்கோட்டை இருந்தது. அங்கே கட்டபொம்மன் நெடுநேரம் நிற்கவைக்கப்பட்டார். தம்மைச் சிறைப்படுத்துவரோ என்று ஐயுற்று அவர் வெளியேற முற்பட்டபோது, கோட்டை வாயிலில் கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க்கு உயிரிழந்தார். தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார்.

நிகழ்ச்சி ஒன்று, அதைப் பற்றிச் சென்னைக்குச் சென்ற செய்திகளோ இரண்டு. கட்டபொம்மன் கலகம் விளைத்தார் என்றார் கலெக்டர். கலெக்டர் தம்மை இழிவாக நடத்தினார் என்று முறையிட்டார் கட்டபொம்மன். கலெக்டரின் சொல்லை மட்டும் ஏற்றிருந்தால், அதுவே வரலாறாக நின்றிருக்கும். ஆனால், ஆளுநர் எட்வர்டு கிளைவின் ஆட்சியில் பிரவுன், ஓரம், காசமேயர் என்னும் மூவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அக்குழு டிசம்பர்த் திங்களில் கட்டபொம்மனை நேரில் விசாரித்து, அவர் குற்றமற்றவர் என முடிவு செய்தது. ஜாக்சன் பதவி இழந்தார். லூஷிங்டன் புதிய கலெக்டரானார்.

எனினும், அமைதி நீடிக்கவில்லை. கட்டபொம்மன் சிவகிரியின்மீது படை செலுத்தியதைக் கும்பினியார் தமக்கு விடுத்த அறைகூவலாகக் கொண்டனர். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். தப்பிச் சென்ற கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில், பிற பாளையக்காரர் காண அவர் தூக்கிலிடப்பட்டார்.

1959இல் வெளிவந்த திரைப்படம் அவர் புகழை வீடுதோறும் கொண்டு சென்றது. அதில் அவர் ஜாக்சனை நோக்கி, வரி கேட்க உமக்கு என்ன உரிமை என்னும் பொருள்பட முழங்குகிறார். அச்சொற்களே இராமநாதபுரத்தில் பேசப்பட்டவை எனப் பலரும் நம்புகின்றனர். அவை உரையாடல் எழுதிய சக்தி கிருஷ்ணசாமியின் படைப்பு. குழுவின் விசாரணைக்குப்பின், 1,080 வராகன் நீங்கலாக நிலுவை முழுவதையும் கட்டபொம்மன் செலுத்தினார் என்பது வரலாறு. அவரை விரும்புவோர் இதனைப் பெரிதும் எடுத்துரைப்பதில்லை.

பகைமை ஒருவரிடம் குறையை மட்டும் காண்கிறது. அன்போ நிறைவை மட்டும் காண்கிறது. ஆகவே, ஒரு செய்தியைக் கேட்கும்போது, அதைச் சொல்பவர் யார், அவர் அடையும் பயன் யாது என்று ஆராய்தல் வேண்டும். தமக்கு ஊறு நேரினும் ஒருவர் ஒப்புக்கொள்ளும் செய்தி மிக்க மதிப்புடையது. தம் கலெக்டரே பிழை செய்தார் என்று கும்பினியாரின் குழு கூறியது அத்தகையது. தூக்குமரத்தின் முன்னும் கட்டபொம்மன் அஞ்சாது நின்றதையும், கும்பினியார் பக்கம் நின்ற எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரரை இகழ்ச்சியோடு நோக்கியதையும் பானர்மனே தம் கடிதத்தில் எழுதியுள்ளார். கட்டபொம்மனின் வீரத்திற்குப் புனைந்துரை வேண்டுவதில்லை. அவரைத் தூக்கிலிட்டவரின் எழுத்தே போதும்.