ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் (ஆகஸ்ட் 6, 1828 – டிசம்பர் 12, 1917) ஓர் அமெரிக்க மருத்துவர் ஆவார். எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றைக் கைகளால் அழுத்தியும் நீட்டியும் அசைத்தும் சிகிச்சை அளிக்கும் ஆஸ்டியோபதி முறையைத் தோற்றுவித்தவர் இவரே. எல்லா நோய்க்கும் பொதுவான மருத்துவமாக இவர் கருதிய இம்முறை, இன்று பெரும்பாலும் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான சிகிச்சையாகவே ஆராயப்படுகிறது.

இளமை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லீ மாவட்டத்தில் பிறந்தார். தந்தை ஆபிராம் ஸ்டில் மெதடிஸ்ட் போதகர், மருத்துவமும் பார்த்தவர். குடும்பம் டென்னசி, மிசௌரி எனப் பல இடங்களுக்குப் பெயர்ந்து, பின்னர் கேன்சஸ் பகுதியை அடைந்தது. ஸ்டில் தந்தையிடம் உதவியாளராக இருந்தே மருத்துவம் கற்றார். மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றதற்கான சான்று ஏதும் கிடைக்கவில்லை. அக்காலத்தில் அமெரிக்காவின் எல்லைப் பகுதிகளில் இது வழக்கத்துக்கு மாறானதன்று. அடிமை முறையை எதிர்த்த இவர், 1857 இல் கேன்சஸ் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படையில் பணியாற்றினார்.

பிள்ளைகளின் இறப்பு

1864 இல் மூளைத் தண்டுவட உறை அழற்சி நோயால் இவரது மூன்று பிள்ளைகள் இறந்தனர். அக்கால மருத்துவர்கள் அளித்த எந்த மருந்தும் அவர்களைக் காக்கவில்லை. பாதரசக் கலவை, அபின், சாராயம் முதலியன அன்று மருந்தாகத் தாராளமாக வழங்கப்பட்டன. நோயைவிட மருந்தே கேடு செய்த நேர்வுகள் பல. எனவே மருந்தின் மீது ஸ்டில் கொண்ட வெறுப்பைத் தனிமனிதரின் துயரம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

ஆஸ்டியோபதி

எலும்புகளை எடுத்து ஆராய்ந்து உடற்கூற்றியலில் ஆழ்ந்த ஸ்டில், எலும்பு இடம் பிசகுவதால் இரத்த ஓட்டம் தடைபட்டு நோய் தோன்றுகிறது என்ற முடிவுக்கு வந்தார். 1874 சூன் 22 ஆம் நாளையே தம் முறை பிறந்த நாளாகக் குறித்தார். பால்டுவின் நகரிலிருந்த பேக்கர் பல்கலைக்கழகத்துக்கு இவரது குடும்பத்தார் நிலம் வழங்கியிருந்தனர். எனினும் அங்கு இக்கருத்தை விளக்க இவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர் மிசௌரியின் கிர்க்ஸ்வில் நகரில் குடியேறி, ஊர் ஊராகச் சென்று எலும்பு வைத்தியம் செய்தார். புகழ் பரவியபின் நோயாளிகளே தொடர்வண்டியில் அந்நகரைத் தேடி வந்தனர். 1892 இல் அங்கு அமெரிக்க ஆஸ்டியோபதிக் கல்லூரியை நிறுவினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் சேர்க்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. 1897 இல் தன்வரலாற்றை வெளியிட்டார்.

தம்மிடம் வந்தவர்கள் குணமடைந்ததையே ஸ்டில் சான்றாகக் கொண்டார். ஆனால் முதுகு வலி பெரும்பாலும் கூடியும் குறைந்தும் வருவது. சிகிச்சை இன்றியும் பலருக்குத் தணியும். சிகிச்சை பெறாத ஒரு குழுவோடு ஒப்பிடாமல், வலியைப் போக்கியது கையா காலமா என்று சொல்ல இயலாது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் முறை, பிரித்தானியாவில் 1948 இல் வெளியான காசநோய் ஆய்வுக்குப் பின்னரே மருத்துவத்தில் வேரூன்றியது.

ஸ்டில் தம் 89 ஆம் வயதில் கிர்க்ஸ்வில்லில் காலமானார். அவர் பிறந்த மரக்குடில் அந்நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவர் மருந்தை வெறுத்தார். ஆனால் அமெரிக்காவில் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர்கள் இன்று மற்ற மருத்துவர்களைப் போலவே மருந்து எழுதுகின்றனர், அறுவை சிகிச்சையும் செய்கின்றனர். ஐரோப்பிய நாடுகளில் ஆஸ்டியோபதியர் பெரும்பாலும் கைச்சிகிச்சை மட்டுமே செய்பவர்கள்.

பிற்காலச் சோதனைகள்

மாத்திரையைச் சோதிப்பதுபோல் இதைச் சோதிப்பது எளிதன்று. போலி மாத்திரையைக் கொடுப்பவரும் அறியாதபடி கொடுக்கலாம். போலியாகத் தொடும் கைக்கு அது போலி என்று தெரியும். 1999 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்டியோபதி பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். முன்னவர்களுக்கு மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. 2013 இல் டெக்சாஸில் 455 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் வெளியாயின. இதில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 63 விழுக்காட்டினருக்கும், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 46 விழுக்காட்டினருக்கும் வலி கணிசமாகக் குறைந்தது. 2021 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 400 பேர் பங்கேற்றனர். அன்றாட இயக்கத்தில் சிறு முன்னேற்றமே காணப்பட்டது. வலியின் அளவில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. போலித் தொடுகை பெற்றவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வலி தணிந்தது என்ற டெக்சாஸ் முடிவே இவற்றுள் அதிகம் சிந்திக்க வைப்பது எனலாம்.

தமிழ்நாட்டுச் சூழல்

இந்திய அரசின் ஆயுஷ் மருத்துவ முறைகளில் ஆஸ்டியோபதி இடம்பெறவில்லை. ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில் குழித்தறியில் நாள் முழுதும் முன்குனிந்து அமர்ந்து நெய்வோரிடம் கீழ்முதுகு வலி பரவலாகக் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் இவ்வலிக்கு எண்ணெய் தேய்த்து நீவுதலும் சித்த மருத்துவத்தின் வர்ம சிகிச்சையும் வழக்கில் உள்ளன. இவை ஸ்டிலின் முறையோடு தோற்றத்தில் ஒத்திருப்பினும் வேறானவை. மேற்கண்ட ஆய்வு முடிவுகளை இவற்றுக்குப் பொருத்த இயலாது. அவ்வாய்வுகளில் எதுவும் தறி நெய்வோரிடம் நடத்தப்பட்டதும் அன்று.