நிலம் அளந்த லாம்டன்

அடிவாரத்தில் நின்று சேர்வராயன் மலையை அண்ணாந்து நோக்காத மாணவர் நம்மில் இரார். அதன் உயரம் ஐயாயிரம் அடிக்கும் அதிகம் என்று படிக்கிறோம். உச்சியிலிருந்து கயிறு தொங்கவிட்டு அளந்தவர் எவருமில்லை. பின் எங்ஙனம் அறிந்தனர்? கணக்கால்! அக்கணக்கைத் தென்னாடு முழுவதும் நடத்திக் காட்டியவர் வில்லியம் லாம்டன் ஆவார்.

இங்கிலாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, படையில் சேர்ந்து, சூரிய கிரகணத்தை நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வை குன்றியவர் அவர். 1802 ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில், நூறடி எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளந்தார். அதன்பின் பெரும்பாலும் கோணங்களையே அளந்தார்.

முக்கோணத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே ஈவு வரும். இதை நாமும் மனப்பாடம் செய்துள்ளோம். லாம்டன் அதனை மாற்றியமைத்தார். தெரிந்த பக்கத்தைத் தெரியாத பக்கத்தின் எதிர்க்கோணச் சைனால் பெருக்கி, தன் எதிர்க்கோணச் சைனால் வகுக்க, தெரியாத பக்கம் தனித்து நின்றது! அப்பக்கமே அடுத்த முக்கோணத்திற்குத் தெரிந்த பக்கமாயிற்று. இவ்வாறு முக்கோணங்கள் சங்கிலியாய்த் தொடர்ந்து, நம் மலைக்கு அருகே செல்லும் 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கும் வடக்கும் நீண்டன. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடைத்தொலைவு பழைய படங்கள் காட்டியதைவிட ஏறத்தாழ நாற்பது மைல் குறைவு என்பதும் வெளிப்பட்டது.

பணி எளிதாயிருக்கவில்லை. கோணமானியோ அரை டன் எடை! குன்றில்லாத காவிரிச் சமவெளியில் கோபுரங்களே குன்றுகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதனை மேலேற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைந்தது. அவர் மனம் தளரவில்லை. கூடாரத்தில் ஆறு வாரம் அடைந்திருந்து தம் கையாலேயே செப்பனிட்டார். முதுமையிலும் பணி விடாது, 1823 ஜனவரி 20இல் மராட்டிய நாட்டு இங்கன்காட்டில் உயிர் நீத்தார். அவர் விட்ட பணியை எவரெஸ்ட் தொடர்ந்தார்.

அப்படங்கள் கம்பெனியின் படைக்கும் வரிக்கும் பயன்பட்டமை உண்மையே. கருவி சுமந்து, கொடி பிடித்து, காய்ச்சலில் மாண்ட நம்மவர் பலரின் பெயர்கள் ஏடுகளில் இல்லாமையும் உண்மையே. அவர்களையும் நினைவோமாக.

தெரிந்தது சிறிதாயினும் பிழையற்றதாயிருந்தால், அதனின்று தெரியாத பெரியதை எட்டலாம். வாய்பாடு மதிப்பெண்ணுக்கு மட்டுமன்று, நண்பர்களே! அடுத்த முறை அடிவாரம் செல்கையில் ஒரு கோணமானியையும் உடன் கொண்டு செல்வோம்.