பி. சி. மகலனோபிஸ்: நம்பத்தகுந்த கணக்கெடுப்பின் முன்னோடி

சாத்தூரில் உங்கள் இல்லத்திற்கு வரும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புப் பணியாளர், கடந்த 15 நாள்களில் யாருக்கேனும் நோய் இருந்ததா எனக் கேட்கக்கூடும். அக்கணக்கெடுப்பை உருவாக்கிய பிரசாந்த சந்திர மகலனோபிஸை நீங்கள் அறிந்துகொள்வது பயனளிக்கும்.

1893-இல் கல்கத்தாவில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றார். மனிதரின் உயர அளவுகளை ஆராய்ந்து 1922-இல் கட்டுரை வெளியிட்டார். பிறர் எடுத்த பழைய உடல் அளவுகளிலிருந்த பிழைகளையும் பின்னர்த் திருத்தினார். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார்.

அளப்பவர் மாறினால் அளவும் மாறுமா என்பதை அறிய அவர் ஒரு வழி கண்டார். வங்காளச் சணல் பயிர்க் கணக்கெடுப்பில், ஒரே பகுதியில் இரு குழுக்கள் தனித்தனியே கணக்கெடுத்தன. முடிவுகள் பெரிதும் வேறுபட்டால், பிழை எங்கே எனத் தேடினார். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலும் இம்முறை இடம்பெற்றது. 1972-இல் அவர் மறைந்தார்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. வேலை போய்விடுமோ என அஞ்சிப் பட்டாசுத் தொழிலாளி ஒருவர் மூச்சுத்திணறலை மறைத்தால், இரு குழுக்களும் ஒரே தவறான விடையையே பதியும், பிழை புலப்படாது. ஆகவே, கேட்கும்போது உள்ளதை உள்ளபடியே கூறுங்கள்.