பாட்டிலே எழுதிய நாட்குறிப்பு

நாட்குறிப்பு எழுதுவோர் பெரும்பாலும் தனித்திருந்தே எழுதுவர். புதுவையில் ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் எழுதியது அவ்வகையினதே. எழுதப் படிக்க வாய்ப்பற்ற ஒரு மக்கட் கூட்டம் தன் வாழ்நாளின் செய்திகளைக் கூடியிருந்து பாட்டாகக் குறித்து வைத்ததை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலே காண்கிறோம். அக்குறிப்பை ஏட்டில் ஏற்றிய பெருமை சி.வி. வேலுப்பிள்ளைக்கு உரியது.

வட்டகொடையை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அட்டனிலும் கொழும்பு நாளந்தாக் கல்லூரியிலும் கற்றார். 1934இல் கவி தாகூர் இலங்கைக்கு வந்தபோது, ‘விஸ்மாஜினி’ என்னும் தம் இசை நாடகத்தை அவரிடம் நேரில் அளித்தார். அந்நாளில் அவர் நாட்டமெல்லாம் ஆங்கிலக் கவிதையின் மேலேயே இருந்தது.

அவர் பிறந்தது பெரியகங்காணிக் குடும்பத்தில். தோட்டப் பாடல்களுள் கங்காணியை ஏசுவன பல. பிரட்டுக்களத்திலே பேர் கொடுக்க நின்று வசை கேட்டவர்கள், கொழுந்து பறிக்கும் மலையிலே அவ்வசையைப் பாட்டாக்கித் திருப்பினர். ஒருத்தி தொடங்க, அடுத்த நிரையிலுள்ளவள் ஓரடி சேர்ப்பாள். ஒப்பாரியோ இன்னும் ஆழமுடையது. பெண்கள் தோளோடு தோள் கட்டி வட்டமாக அமர்ந்து அழுகையில், இறந்தவனுக்காகத் தொடங்கிய பாட்டில் ஒவ்வொருத்தியும் தன் இழப்பையும் சேர்த்துப் பாடுவாள். துயரம் பலர் வாயிலே பங்கிடப்படும். தம் குடும்பத்தார் வகித்த பதவியையே சாடும் மக்களிடம் செவிசாய்த்து நின்றமையை நான் சி.வி.யின் நூல்கள் அனைத்தினும் மேலாக மதிக்கிறேன். யாப்பமைதி இல்லையென்று இப்பாடல்களை ஒதுக்கும் புலவர்கள் எம்மிடையே இன்றும் உளர். அவர்கள் ஓர் ஒப்பாரியை அருகிருந்து கேட்டிரார்.

1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் தலவாக்கலைத் தொகுதியினர் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் போயிற்று. தம்மைத் தேர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்க இயலாதிருக்க அவர் கண்டார். அவ்வாண்டிலே வெளிவந்த ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் ஆங்கில நெடுங்கவிதை, கல்லறையும் நினைவுச் சின்னமுமின்றி மண்ணுள் மறைந்த தொழிலாளரைப் பாடுகிறது. அதனைச் சக்தி பால ஐயா தமிழாக்கினார்.

1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. லயங்கள் வெறுமையாயின. பாட்டை எடுத்துக் கொடுப்பவள் கப்பலேறிவிட்டால், அடி சேர்ப்பதற்கு யாரிடம் போவது? தொகுக்கும் பணி அதனாலேயே அவசரமாயிற்று. ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. 1984 நவம்பரில் அவர் மறைந்தார். ‘வீடற்றவன்’ முதலிய நாவல்களைப் பற்றி வேறொருமுறை எழுதலாம்.

டயகமவில் என் வகுப்பில் ஒரு பொதுக் கொப்பி இருக்கிறது. வீட்டில் கேட்ட பாடல்களை மாணாக்கர் முறைவைத்து அதில் எழுதுகின்றனர். அடுத்தவர் படித்துத் தமக்குத் தெரிந்த அடியைச் சேர்க்கின்றனர். சென்ற மாதம் ஒரு மாணவி தன் பாட்டியின் ஒப்பாரியை எழுதினாள். அதிலே இந்தியாவுக்குப் போன தமையன் ஒருவனின் பெயர் வந்தது. அப்பெயரை அவள் வீட்டில் அதுவரை எவரும் உச்சரித்ததில்லையாம்.