யார் இந்த விஸ்வநாததாஸ்? முருகன் வேடத்திலேயே உயிரை விட்ட சிவகாசி கலைஞரின் கதை

சிவகாசின்னு சொன்னாலே பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால், வெறும் பாட்டாலேயே ஆங்கிலேய அரசை மிரள வைத்த ஒருவரும் இதே ஊரில்தான் பிறந்தார். அவர்தான் நாடகக் கலைஞர், தியாகி விஸ்வநாததாஸ்.

புராண நாடகத்தில் அரசியல் எப்படி வந்தது?

1886ஆம் ஆண்டு சிவகாசியில் மருத்துவர் சமூகத்தில் பிறந்த இவர், பின்னர் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் குடியேறினார். அப்போது நாடகம்தான் மக்களுக்கு சினிமா, டிவி எல்லாமே. அதனால் அரசுக்கும் அதன் மேல் எப்போதும் ஒரு கண் இருந்தது. ஆட்சிக்கு எதிரான நாடகங்களைத் தடை செய்ய 1876லேயே நாடகச் சட்டம் கொண்டு வந்திருந்தார்கள்.

தாஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கதை என்னவோ வள்ளி திருமணம்தான். தினைப்புனத்தில் வள்ளி பறவைகளை விரட்டுவாள் இல்லையா? அந்த இடத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு வரும். அந்தக் கொக்கு யார் என்று கூட்டத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜாலியன் வாலாபாக் படுகொலை பற்றி மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாடலும் இவர் குரலில் ஊர் ஊராகப் போனது.

29 முறை சிறை

விளைவு? மேடையில் பாட்டு, வாசலில் போலீஸ். 29 முறை சிறை சென்றதாகச் சொல்லப்படுகிறது. வெளியே வந்ததும் மறுபடி அதே பாட்டு!

சோதனை அரசிடமிருந்து மட்டும் வரவில்லை. சாதியைக் காரணம் காட்டி, இவருடன் ஜோடியாக நடிக்க மறுத்தவர்களும் உண்டு. அந்தச் சூழலில் இவருடன் துணிந்து மேடையேறியவர்களில் ஒருவர் கே.பி.ஜானகியம்மாள். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவராக உயர்ந்தவர்.

அடிக்கடி சிறைக்குப் போனால் வருமானம் எங்கிருந்து வரும்? கடன் ஏறியது, திருமங்கலம் வீடும் அடமானத்துக்குப் போனது. தேசியப் பாடல்களை விட்டிருந்தால் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் விடவில்லை.

கடைசி மேடை

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவரது உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 54. மறுநாள் இறுதி ஊர்வலத்திலும் அதே முருகன் வேடத்தில்தான் அவரைச் சுமந்து சென்றார்கள்.

சுதந்திரத்துக்கு இன்னும் ஆறரை ஆண்டுகள் இருந்தன. யாருக்காகப் பாடினாரோ, அந்த விடியலை அவர் பார்க்கவே இல்லை.

திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், ஒரு எட்டு பார்த்துவிட்டு வாங்க.